ஆலையைப் பற்றிப் பேசக் கல்லூரியில் இடம் உண்டா?

கேள்வி: அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். கல்லூரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் ஒரு ஆலை இருக்கிறது. அதை ஒட்டிய காலனியில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது என்று அங்கிருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழி சொன்னாள். இதைப் பற்றிக் கல்லூரி அரங்கில் கூட்டம் நடத்த அனுமதி கேட்டோம். பிரின்சிபால் மறுத்துவிட்டார். எங்கள் கம்ப்யூட்டர் லேபைக் கட்டிக் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான். வாசலில் அவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. “நோட்டீஸ் அடித்தால் மானநஷ்ட வழக்கு வரும், போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடும், இன்டர்னல் மார்க்குக்கு நான் பொறுப்பில்லை” என்றார். நாங்கள் எழுதிய நோட்டீஸை இணைத்திருக்கிறேன். கடைசியில் கேள்விக்குறி போட்டால் தப்பித்துவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். கூட்டம் நடத்தலாமா? கேஸ் வருமா? நாங்கள் மேடையில் பேசுவதால் அவ்வளவு பெரிய கம்பெனிக்கு என்ன ஆகிவிடப் போகிறது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்கு விடை தெரிந்தால்தான் மற்றத் தொல்லைகளை எதற்காகத் தாங்க வேண்டும் என்பது விளங்கும்.

பொள்ளாச்சிக்கு மேற்கே எல்லையைத் தாண்டினால் கேரளத்தின் சித்தூர் தாலுகா. அங்கே பிளாச்சிமடாவில் 2000-ல் கோக-கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கொஞ்ச நாளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. இருந்த தண்ணீரும் குடிக்க, சமைக்க ஆகாமல் போனது என்று மக்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிப் பெண்கள். மயிலம்மா என்ற எரவாளர் சமூகத்துப் பெண் அந்தப் போராட்டத்தின் முகமானார். பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

அந்தப் பந்தலில் நடந்ததையும், இந்தியாவின் வேறு ஊர்களில் இதே நிறுவனத்தின் ஆலைகள் பற்றி எழுந்த புகார்களையும் பேச்சாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துப் போனார்கள். அதோடு, கொலம்பியாவில் பாட்டில் ஆலைத் தொழிற்சங்கத்தினர் கொல்லப்பட்டது பற்றிய குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. நிறுவனம் அதை மறுத்தது. பேச்சோடு நின்றிருந்தால், கேட்டவர்கள் வருத்தப்பட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பியிருப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பொருள் விற்கும் கம்பெனிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்த நிர்வாகமே எழுதிவைத்த நடத்தை விதி ஒன்று இருந்தது. 2004-ல் மாணவர்கள் அந்த விதியின் கீழேயே புகார் கொடுத்தார்கள். நிர்வாகத்தின் குழு அதை விசாரித்தது. ஓராண்டு இழுத்தது. 2006 ஜனவரி 1 முதல் அந்த நிறுவனத்திடம் வாங்குவதைப் பல்கலைக்கழகம் நிறுத்தியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வியாபாரம் அது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த ஏப்ரலிலேயே மிச்சிகன் மறுபடி வாங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்குள் ஒன்று நடந்திருந்தது: இந்திய ஆலைகளின் தண்ணீர்ப் பயன்பாட்டை வெளி அமைப்பு ஆய்வு செய்ய நிறுவனம் சம்மதித்தது. ஆய்வு டெல்லியின் ‘டெரி’ ஆய்வு நிறுவனத்திடம் போனது. டெரிக்கும் நிறுவனத்துக்கும் முன்பே தொடர்பு உண்டு என்று போராடியவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. அப்படியிருந்தும் 2008 ஜனவரியில் வந்த அறிக்கை, ராஜஸ்தானின் காலாடேரா ஆலை அந்த வட்டாரத்தின் தண்ணீர் நெருக்கடியைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று எழுதியது. வேறு பகுதியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது, ஆலையை இடம் மாற்றுவது, மூடுவது என்று வழிகளையும் சொன்னது. காலாடேரா விவசாயிகள் வருடக்கணக்கில் கத்திச் சொன்னது, நிறுவனம் சம்மதித்து நடந்த ஆய்வின் அறிக்கையிலேயே அச்சில் வந்தது. அதற்கு வழி திறந்தது ஒரு பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவு.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். கல்லூரி ஆலையை மூட முடியாது. அது நீதிமன்றமும் இல்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனியிடம் லேப் வாங்கியிருக்கிறது, ஒப்பந்தமும் போட்டிருக்கலாம், பிளேஸ்மென்ட்டுக்கும் அழைக்கலாம். அந்த உறவில் கல்லூரிக்கும் ஒரு குரல் உண்டு. ஆகவே கூட்டத்தில் யார் பேசுவார்கள் என்று யோசிப்பதற்கு முன்னால், கூட்டம் முடிந்ததும் கல்லூரி நிர்வாகத்திடம் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நிர்வாகம் நினைத்தால் செய்யக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும்.

இனி அனுமதி. பேச்சுரிமையும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் அரசமைப்பின் 19-வது பிரிவில் இருக்கின்றன. ஆனால் கல்லூரி அரங்கம் கல்லூரியின் இடம். எப்போது, எந்த நேரத்தில், யார் பொறுப்பில் என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பிரின்சிபாலுக்கு உண்டு. இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 2015-ல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அம்பேத்கர் பிறந்த நாளை ஒட்டி நடத்திய கூட்டம், அரசின் கொள்கைகளை விமர்சித்த துண்டறிக்கை, அதன் மேல் ஒரு மொட்டைக் கடிதம். அந்தக் கடிதத்தை மத்திய மனிதவள அமைச்சகம் ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. கருத்துக்காக ரத்து செய்தோம் என்று நிர்வாகம் சொல்லவில்லை. விதிமுறையை மீறினார்கள் என்றுதான் சொன்னது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. உங்கள் கருத்தைப் பிடிக்காதவர்கள் உங்கள் காகிதத்தில்தான் குறை தேடுவார்கள். அந்த வாய்ப்பைக் கொடுக்காதீர்கள்.

வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாக மறுக்கப்பட்டதை மறந்துவிடுங்கள். தேதி, நேரம், பேச்சாளர்கள், தலைப்பு, பொறுப்பேற்கும் பேராசிரியர் பெயர் எல்லாம் எழுதி மனு கொடுங்கள். அலுவலகத்தில் நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உதவி பெறும் கல்லூரி என்பதால், காரணமே சொல்லாமல் மறுப்பதை உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் வழி உங்களுக்கு உண்டு. ஆனால் அதை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம்.

அதைவிட எளிய வாசல் ஒன்று இருக்கிறது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சுற்றுச்சூழல் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சியாகத்தான் சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பட்டப்படிப்புகளிலும் கட்டாயப் பாடமானது. யு.ஜி.சி. அதற்கு வகுத்த பாடத்திட்டத்தின் கடைசி அலகு களப்பணி. மாசுபட்ட உள்ளூர் இடம் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. உங்கள் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் போய், காலனிக் கிணறுகளைக் களப்பணியாக எடுத்துக்கொள்கிறோம், முடிவுகளை அரங்கில் வைக்கிறோம் என்று கேளுங்கள். பாடத்திட்டத்தில் இருப்பதைச் செய்யக் கூடாது என்று கையெழுத்துப் போட எந்தப் பிரின்சிபாலும் தயங்குவார்.

அரங்கம் கிடைக்கவே இல்லையென்றால் வெளியே ஒரு மண்டபம் பிடியுங்கள். நான்கு சுவருக்குள் அமைதியாக நடக்கும் கூட்டத்துக்கு, தடை உத்தரவு எதுவும் இல்லாதபோது, பொதுவாகப் போலீஸ் அனுமதி தேவையில்லை. மண்டபக்காரருக்குக் கடைசி நேரத்தில் ஒரு போன் போகும், அவர் கையை விரிப்பார். முன்பணத்துக்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனை, பேருந்து நிலையம், கலெக்டர் அலுவலக வாசல் என்றால் கதை வேறு. முன்கூட்டியே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். மறுத்தால் நீதிமன்றம் போகலாம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இப்படிப்பட்ட மனுக்கள் சர்வ சாதாரணம், நிபந்தனையோடு அனுமதி கிடைப்பதும் உண்டு.

மானநஷ்டம். பிரின்சிபால் சொன்னதில் பாதி சரி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறு குற்றம்தான். கம்பெனியும் புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லையேல் சமூக சேவை. ஆனால் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போடும் குற்றம் அல்ல அது. பாதிக்கப்பட்டவர் தானே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். ஆகவே அவதூறுக்காகப் போலீஸ் தூக்கிக்கொண்டு போகும் என்பது வெறும் மிரட்டல்.

சிவில் வழக்கில் பெரிய தொகை கேட்டுத் தடை உத்தரவு வாங்கப் பார்ப்பார்கள். ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டபோது, டாடா நிறுவனம் 10 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ரவீந்திர பட் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். 2024 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றமும், விசாரணைக்கு முன்பே வாயை அடைக்கும் உத்தரவை அபூர்வமான சந்தர்ப்பத்தில்தான் தர வேண்டும் என்றது. பணபலம் உள்ளவர்கள் வழக்கையே ஆயுதமாக்குவதைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு எச்சரிக்கிறது.

சட்டம் இடம் தருகிறது என்பதற்காக நோட்டீஸில் எதையும் எழுதிவிட முடியாது. லண்டனில் 1980-களில் ஒரு சிறு குழு மெக்டொனால்ட்ஸைப் பற்றித் துண்டறிக்கை கொடுத்தது. கம்பெனி வழக்குப் போட்டது. மன்னிப்புக் கேட்க மறுத்தவர்கள் ஹெலன் ஸ்டீல், டேவ் மாரிஸ் இருவர் மட்டும். அரசின் சட்ட உதவி கிடைக்கவில்லை. தாங்களே வாதாடினார்கள். 313 நாள் விசாரணை. 1997-ல் தீர்ப்பு வந்தபோது, விளம்பரங்களில் குழந்தைகளைச் சுரண்டுவது, குறைந்த கூலி, விலங்குகளைக் கொடுமைப்படுத்துவது ஆகியவை நிரூபணம் ஆகியிருந்தன. மற்றச் சில வரிகள் நிரூபணம் ஆகவில்லை. அந்த வரிகளுக்காக 60,000 பவுண்டு கட்டச் சொன்னார் நீதிபதி; மேல்முறையீட்டில் அது குறைந்தது. சட்ட உதவி மறுத்தது அநீதி என்று 2005-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இங்கிலாந்து அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒரே தாளில் நிரூபிக்க முடிந்த வரியும் முடியாத வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் அவர்களுடைய இத்தனை வருடத்தைத் தின்றது. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டியதில்லை.

உங்கள் நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். “குடிநீரில் விஷம் கலக்கும் ஆலையை விரட்டுவோம்” என்று தலைப்பு. விஷம் என்றால் எந்த ரசாயனம், எவ்வளவு, ஆலையிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். அதை இப்படி மாற்றுங்கள்: “காலனிக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. ஆலைக் கழிவுநீரின் பரிசோதனை முடிவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட வேண்டும்.” முதல் வாக்கியத்துக்குத் தேதியிட்ட புகைப்படமும், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டி வாங்கிய பரிசோதனைச் சீட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கை, அதில் அவதூறுக்கு இடமே இல்லை. அடுத்த வரி, “புற்றுநோய் தந்து பணம் பார்க்கும் கம்பெனி.” மருத்துவ ஆய்வு இல்லாமல் இந்த வரி வேண்டாம். வீட்டுக்கு வீடு நோய் இருப்பது உண்மையாக இருந்தாலும், காரணத்தை நிரூபிப்பது வேறு வேலை. மூன்றாவது, “விலைபோன அதிகாரிகள்.” முழுக்க அடித்துவிடுங்கள். மாவட்டத்தில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒருவரோ இருவரோதான். பெயர் போடாவிட்டாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கடைசியில் கேள்விக்குறி போட்டால் தப்பித்துவிடலாம் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தப்பிக்க முடியாது. “கொல்கிறதா?” என்று கேட்டாலும் படிப்பவர் மனதில் என்ன பதிகிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே உங்கள் கேள்விகளை ஸ்பீட் போஸ்டில் கம்பெனிக்கு அனுப்புங்கள். பதில் வந்தால் அரங்கில் வாசியுங்கள். வராவிட்டால், கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைக் காட்டுங்கள். உரிய கவனத்தோடு, நல்லெண்ணத்தில் நடந்துகொண்டீர்கள் என்பதற்கு நாளை அதுதான் சாட்சி. கூட்டம் முழுவதையும் வெட்டாமல் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரோ இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டிப் பரப்பும்போது முழுப் பதிவு உங்களைக் காப்பாற்றும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தகவல் சொன்னது காலனித் தோழி. அந்த வீட்டின் முதல் பட்டதாரியாக அவள் வரக்கூடும். ஸ்காலர்ஷிப், விடுதி எல்லாம் நிர்வாகத்தின் கையெழுத்தில் தொங்கும். அவள் அப்பாவோ அண்ணனோ அதே ஆலையில் ஒப்பந்தக் கூலியாகக்கூட இருக்கலாம். அவளைக் கேட்காமல் அவள் பெயரையோ, கிணற்றுக்காரர் பெயரையோ மேடையில் சொல்லாதீர்கள். முதலில் காலனிக்குப் போங்கள். அவர்களுக்கு வேண்டியது ஆலை மூடுவதா, லாரித் தண்ணீரா, சிகிச்சையா, சம்பள பாக்கியா என்று அவர்கள் வாயால் கேளுங்கள். நம் ஊரில் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சாதிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அந்த மக்களைப் பற்றிய கூட்டத்திலும் அவர்கள் பார்வையாளர்களாகவே இருந்தால் அது சமூக நீதி ஆகாது. மனுவில் கையெழுத்துப் போடும்போது விடுதி மாணவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளாதபடி, இழப்பதற்குக் குறைவாக உள்ளவர்கள் முன்னால் நில்லுங்கள்.

உங்களுக்கு வரக்கூடியவை இரண்டு. ஒன்று, காவல் நிலையத்திலிருந்து போன். “சும்மா வந்துவிட்டுப் போம்மா” என்பார்கள். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவள் வசிக்கும் இடத்தை விட்டு வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள், வீட்டில் வைத்துப் பேசுங்கள், அம்மாவோ வழக்கறிஞரோ பக்கத்தில் இருக்கட்டும். இன்னொன்று, கல்லூரியில் மன்னிப்புக் கடிதம் கேட்பார்கள். பெற்றோரை உட்கார வைத்து, “இனி எந்தக் கூட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன்” என்று டைப் செய்த தாளை நீட்டுவார்கள். அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “என் மீதுள்ள குற்றச்சாட்டை எழுத்தில் தாருங்கள், ஏழு நாளில் பதில் தருகிறேன்” என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். ஷோ காஸ் நோட்டீஸும் விசாரணையும் இல்லாமல் டி.சி. கொடுப்பது, ஹால் டிக்கெட்டை நிறுத்துவது நீதிமன்றத்தில் நிற்காது. இன்டர்னல் மார்க்தான் சங்கடம், அதை நிரூபிப்பது கடினம். இதுவரை வாங்கிய மதிப்பெண்களையும் திருத்திய தாள்களையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரின்சிபால் அறையில் அப்பா முதல் முறையாகக் கேள்விப்பட்டால், அந்தத் தாளில் உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லி அவரே கெஞ்சுவார்.

எதைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போட்ட ஒப்பந்தத்தைத் தேடுங்கள். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஏற்றும் அறிக்கையில், தொழில் நிறுவனங்களோடு உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் பட்டியல் இருக்கும். சில சமயம் ஒப்பந்தமே ஸ்கேன் செய்து இணைக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் தகவல் உரிமை மனு. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் கல்லூரிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த லேப் உங்கள் கல்லூரிக்குக் கம்பெனி செய்த தானம் என்றும் நினைக்க வேண்டாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் அல்லது விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு. சட்டப்படி செலவிட வேண்டிய பணத்துக்காக வாயை மூடிக்கொள்ளும் கடன் யாருக்கும் கிடையாது.

ஒப்பந்தம் கிடைத்ததும் கல்லூரி நிர்வாகக் குழுவிடம் மூன்றைக் கேட்கலாம். வேதியியல் துறை ஒவ்வொரு செமஸ்டரும் காலனிக் கிணற்று நீரைப் பரிசோதித்து முடிவைத் தகவல் பலகையில் ஒட்ட வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, கழிவுநீர் அறிக்கையைக் கம்பெனி கல்லூரிக்குத் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். நன்கொடை தரும் நிறுவனங்களுக்கு மிச்சிகனில் இருந்தது போல ஒரு நடத்தை விதியைக் கல்லூரி எழுத வேண்டும். மூன்றாவது உடனே நடக்காது. முதலாவது அடுத்த செமஸ்டரிலேயே நடக்கலாம், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

இரண்டு மனுக்களை இந்த வாரமே போடுங்கள். ஒன்று கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, ஒப்பந்த நகல் கேட்டு. இன்னொன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு: ஆலைக்குத் தந்த இசைவாணையின் நகல், எவ்வளவு கழிவுநீர் வெளியேற்ற அனுமதி, கடைசி மூன்று ஆண்டு மாதிரிப் பரிசோதனை முடிவுகள். ஒவ்வொன்றிலும் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும். கூட்டத் தேதியை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிடமிருந்தோ கல்லூரியிடமிருந்தோ வக்கீல் நோட்டீஸ் வந்தால், நீங்களாகப் பதில் எழுதாமல் உறையோடு சேர்த்து நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள்.